கணக்குப் பார்த்த கூலி

ஜூலை 3, புதன்

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. அட்டையில் நெற்கதிர், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியாவின் பெருமை. போன வருடம் முழுக்க அவருக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டதற்கு இதுதான் கூலி. ஜனவரி மாதம் என் வீட்டுக்காரர் இதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்ல மனுசன், மறக்காமக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு பாரு" என்று நெகிழ்ந்துபோனார். ஆறு மாதம் அலமாரியில் கிடந்தது. இனி நான் எழுதிக் கெடுக்கிறேன்.

நேற்றுதான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து கோபிக்குத் திரும்பினோம். என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே காற்றை நிரப்பியிருக்கிறார்களாம். பத்து நாளைக்குக் குப்புறவே படுத்திருக்க வேண்டும். சாப்பிடுவதற்கும் குனிந்த தலைதான். ஒரு மாதத்துக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. இன்ஷூரன்ஸ் பாதி கொடுத்தது. மீதியை என் அண்ணன் கொடுத்தான், அண்ணி முகம் பார்க்காமல் வாங்கி வந்தேன்.

இவர் பெயர் சென்னியப்பன். ஊருக்கு ஆடிட்டர். ஆடிட்டர் பரீட்சையெல்லாம் இவர் எழுதியதில்லை. இந்த ஊரில் ஊசி போடுகிறவரெல்லாம் டாக்டர், வரிக்கணக்குப் போடுகிறவரெல்லாம் ஆடிட்டர். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். நான் கூடமாட ஒத்தாசை. பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஜூலை 5, வெள்ளி

பார்க்க வருகிறார்கள். கட்டிலில் தெரியும் முதுகைப் பார்த்து நலம் விசாரிக்கிறார்கள். ஹார்லிக்ஸ் நான்கு பாட்டில் சேர்ந்துவிட்டது. விசாரித்து முடித்ததும் ஒவ்வொருவரும் பைக்குள் கைவிட்டு ஒரு கட்டு பில் எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். பதினொன்றாம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு ஏற்ற வேண்டுமே, அந்தக் கவலைதான் ஹார்லிக்ஸ் வடிவத்தில் வருகிறது.

ஜவுளிக்கடை சௌந்தரராஜன் காரில் வந்தார். மூன்று மாடிக் கடை, லிஃப்ட் உண்டு. மாதம் எழுநூறு ரூபாய் கொடுக்கிறார். அதையும் தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை, ஒரு வேட்டி சட்டைத் துணியோடு சேர்த்து.

"ஆடிட்டரே, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார் முதுகிடம்.

"இல்லீங்க, இந்த மாசம் ரிட்டன்..." என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதுக்கென்னங்க, அதான் அம்மா இருக்காங்கல்ல? எப்பவும் போல நடக்கும்."

எப்பவும் போலவாம். என்ன தெரியும் இவருக்கு? துணியை அளக்கத் தெரிந்தவனெல்லாம் அடுத்த வீட்டையும் அளக்கக் கிளம்பிவிடுகிறான்.

ஜூலை 6, சனி

சத்தி ரோட்டில் ஹாலோ பிளாக் சிமெண்ட் கல் போடும் ருக்மணி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உடம்பெல்லாம் சிமெண்ட் தூசி, குதிகால் வரைக்கும் வெள்ளை. பில்களைச் சிமெண்ட் சாக்கிலேயே கட்டிக்கொண்டு வருவாள். சாக்கை உதறியதில் என் மேசை முழுக்கச் சாம்பல். குரல் வேறு, மெஷினுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல்.

"அம்மிணி, இந்த மாசத்துது எவ்வளவு?" என்று கேட்டு ஐந்நூறை எண்ணி வைத்தாள். மாதாமாதம் இப்படித்தான். எண்ணிக் கொடுத்துவிட்டால் பெரிய மனுஷி ஆகிவிடலாம் என்று நினைப்பு.

ஜூலை 11, வியாழன்

எல்லாம் ஏற்றியாகிவிட்டது. டயர் கடைக்காரர் ஒரே பில்லை இரண்டு தடவை கொடுத்திருந்தார், எடுத்துப் போட்டேன். ஜவுளிக்கடைக்குச் சரக்கு அனுப்பும் சூரத் கம்பெனி கடையின் ஜிஎஸ்டி நம்பரை மாற்றிப் பதிந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் இருபதாம் தேதி சௌந்தரராஜனுக்கு வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய நாற்பதாயிரம் ரூபாய் கிரெடிட் வராமல் போயிருக்கும். கம்பெனிக்குப் போன் போட்டு, இந்தியில் கொஞ்சம் சண்டை பிடித்து, திருத்த வைத்தேன். டைப் அடிக்கிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படத்தானே செய்யும்.

"எல்லாம் போட்டாச்சா?" என்றார் கட்டிலிலிருந்து.

"போட்டாச்சுங்க."

"ஆராச்சும் கேட்டா நாஞ் சொல்லச் சொல்லப் போட்டீன்னு சொல்லீரு. இல்லீனா பயந்துக்குவாங்க."

சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று தலையைத் தூக்கலாம் என்று டாக்டர் போனில் சொன்னார். ஆனால் காற்று முழுசும் கரையவில்லை, பாதி நாள் குப்புறத்தான். மகள் சம்யுக்தா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்ட வேண்டும், பிறகு மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவரிடம் யார் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஊர்க் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதுகிற வீட்டில் எங்கள் கணக்குக்கு ஒரு தாள் கிடையாது.

"டயர் கடை?"

"அவரு நம்ம வண்டிக்குக் காத்துப் புடிச்சுக் குடுக்கறாரல்ல."

"வெல்ல மண்டி?"

"வெல்லம் வருதே."

"பாத்திரக்கடை?"

"அவரு கஷ்டத்துல இருக்கறாரு, விடு."

பாத்திரக்கடைக்காரர் போன மாதம்தான் மகனுக்கு புல்லட் வாங்கிக் கொடுத்தார். அந்த பில்லையும் கடைச் செலவில் சேர்க்க முடியுமா என்று கேட்டவர் அவர்.

"கேட்டா என்னங்க? எல்லாரும் ஏறுன வெலைக்குத்தானே விக்கறாங்க?"

தலையணையிடம் சொல்வது போலச் சொன்னார். "எச்சாக் கேட்டா, இதுக்கா இவ்வளவும்பாங்க. அப்பறம் ஒரு தப்பு வந்தா நிக்க வெச்சுக் கேப்பாங்க. கம்மியா வாங்குனா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, சுலோ."

இத்தனை வருடமும் இவர் தர்மவான் என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தேன். தர்மமுமில்லை ஒன்றுமில்லை, பயம். பயத்துக்கு வேட்டி கட்டி ஆடிட்டர் என்று போர்டு மாட்டியிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மற்ற கடைக்காரர்கள் கணக்குப் பார்க்க என்னதான் கொடுக்கிறார்கள் என்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று.

பேக்கரிக்காரர் ஈரோட்டில் ஒருவருக்கு மாதம் ஆயிரத்து இருநூறு கொடுக்கிறார். இதுவரை அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததில்லையாம், எல்லாம் வாட்ஸப்பில் குரல்தான். இரண்டு தடவை அபராதம் வந்தபோது குரலும் நின்றுவிட்டதாம்.

பியூட்டி பார்லர் பெண் இரண்டாயிரம் கொடுக்கிறாள். "ஏசி ஆபீஸுங்க்கா. போனா வாட்டர் பாட்டில் குடுப்பாங்க" என்றாள். கணக்கு எப்படி என்று கேட்டேன். "அது தெரியலீங்க்கா, சில்லுன்னு இருக்கும்" என்றாள்.

கோழித்தீவனக்காரர் கேட்டதற்குச் சிரித்தார். "எனக்கு அந்தச் செலவே இல்லீங்க. மருமகன் சும்மாவே பாத்துக் குடுத்தர்றாரு." கொஞ்சம் பொறுத்து, "போன வருசம் கார் கேட்டாரு, வாங்கிக் குடுத்தனுங்க. இப்ப மாடி கட்டோணுங்கறாரு" என்றார். சும்மாவின் விலையை நான் கூட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. வயதானவர், நெஞ்சு தாங்காது.

மூன்று மாடி ஜவுளிக்கடைக்கு எழுநூறு ரூபாய் என்று நான் சொன்னபோது பார்லர் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "வாரத்துக்குங்களா?" என்று கேட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

விலைப்பட்டியல் ஒன்று தயார் செய்தேன். சின்னக் கடைக்கு ஆயிரம், கொஞ்சம் பெரியதற்கு ஆயிரத்து ஐந்நூறு, பெரிய கடைகளுக்கு அதற்கு மேல், நேரில் பேசி. மாதம் பிறந்ததும் கட்ட வேண்டும். வெல்லம், தேங்காய், காற்று எதுவும் ஏற்றுக்கொள்ளப்படாது. கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் அவரிடம் படித்துக் காட்டினேன். மனிதர் பதறிவிட்டார். திரும்பி என்னை முறைக்கவும் முடியவில்லை, குப்புறப் படுக்கிற பாதி நாள், தலையைத் தூக்கக் கூடாதே. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மானம் போச்சு, மானம் போச்சு" என்றார். எழுநூறு ரூபாயில் போகாத மானம்.

ஜூலை 18, வியாழன்

நேற்று ஆடி பிறந்தது. ஜவுளிக்கடையில் ஐம்பது சதவீதத் தள்ளுபடி என்று ஆட்டோவில் மைக் கட்டி அலற விட்டிருக்கிறார்கள். சௌந்தரராஜன் போனில் பேசினார்.

"ஏனுங்கம்மா, நமக்கும் ஒரு ஆடித் தள்ளுபடி போட்டுருங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் குரல் மாறியது. "ஆடிட்டர் நம்ம கூடப் பொறந்த பொறப்பு மாதிரிங்க. காசுக்காகவா அவரு பாக்கறாரு? அவரு நல்லாகி வரட்டும், நாங்க ஆம்பளைங்க பேசிக்கறோம்."

பாத்திரக்கடை எங்களை விட்டுப் போய்விட்டது. வெல்ல மண்டியும். இன்னொருவர் பட்டியலுக்குக் கீழே கைகூப்புகிற பொம்மையை மட்டும் அனுப்பியிருக்கிறார். வணக்கமா, விடைபெறுவதா என்று தெரியவில்லை. ஆனால் பதினோரு பேர் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றுவிட்டார்கள். இவ்வளவு சுலபமாகச் சரி என்பவர்களிடம் இத்தனை வருடம் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஜூலை 22, திங்கள்

ருக்மணி சாக்கோடு வந்தாள். அடுத்த மாதத்துக்கென்று புது விலை ஆயிரத்தை இப்போதே எண்ணி வைத்தாள். நான் வாங்கி டிராயரில் போட்டேன்.

"இதுல உனக்கு எவ்வளவு அம்மிணி?" என்றாள்.

"புரியலீங்க்கா."

"உன்ற சம்பளம். ஆடிட்டர் உனக்கு என்ன குடுக்கறாரு?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நான் சிரித்தேன். "எங்க வேலைதானுங்க்கா. இதுல என்ன சம்பளம்?"

"அதென்ன எங்க வேலை? எங்கூட்டுக்காரரும் என்ற யார்டுல லாரி ஓட்டறாரு. மாசம் பொறந்தா மத்த டிரைவருக்கு என்னவோ அதைக் குடுத்தர்றேன். அதுல இருந்து எனக்கே பூ வாங்கிட்டு வருவாரு. நல்லாத்தான் இருக்குது." சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். "எனக்கு யார்டுல கணக்குக்கு ஒரு ஆளு வேணும். ஒம்பது மணிக்கு வந்துட்டு ஒன்றரைக்குப் போயிரலாம். பதினாலாயிரம் தர்றேன். வரியா?"

குடும்பம் என்றால் என்னவென்று தெரியாதவள். புருஷனுக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்து அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற ஜென்மம். பி.காம். முதல் வகுப்பில் தேறியவள் போய் ஜல்லிக் குவியலுக்கு நடுவே உட்கார வேண்டுமாம். வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேசையைத் துடைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

ஜூலை 23, செவ்வாய்

ருக்மணி கேட்டதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஜூலை 24, புதன்

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது. கல்யாணமான வருடம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. இவர் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்தார், எதற்கு வெளியே போகிறாய், நம்முடையதையே பார் என்றார். சரியாகத்தான் சொன்னார். மில்லையும் பிற்பாடு மூடிவிட்டார்கள். அங்கே கூட வேலைக்குச் சேரவிருந்த பெண் இப்போது ஏதோ பாங்கில் மேனேஜர் என்று கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும். மேனேஜர்களை நான் பார்க்காததா.

ஜூலை 26, வெள்ளி

கோயமுத்தூரில் பரிசோதனை. காற்று கரைந்துவிட்டது. பார்வை முக்கால்வாசி வந்துவிடும் என்றார்கள். எனக்கு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டியிருந்தது, காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

டாக்டர் சின்ன வயசுப் பையன். "கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னீங்களே, இத்தனை நாள் எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டான்.

"நான் படுத்துட்டே சொல்லச் சொல்ல நடந்துருச்சுங்க" என்றார் இவர்.

"அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்லதானுங்க. சும்மாதான் இருக்கறாங்க."

சரிதான். டாக்டரிடம் வேறென்ன சொல்லுவார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். வழியெல்லாம் மைல்கல்லில் எழுதியிருப்பதைச் சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தார். நான் தூங்குவது போல இருந்தேன்.

ஜூலை 29, திங்கள்

அடுப்படியில் இருந்தேன். முன்னறையில் அவர் போனில் பேசுவது கேட்டது.

"அது அவ ஏதோ தெரியாம அனுப்பீட்டாளுங்க. பொம்பளை, வெவரம் பத்தாது. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. பழசே இருக்கட்டுமுங்க, எழுநூறே இருக்கட்டும்."

ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஜூலை 31, புதன்

வருமான வரிக்குக் கடைசி நாள். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவள் சாயங்காலம் எழுந்தேன். ஒன்றுகூட விடவில்லை. வெவரம் பத்தாத பொம்பளை போட்டது அத்தனையும் ஒரே தடவையில் ஏறியது.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் காபி கொடுக்கும்போது சொன்னேன். "இந்த மாசத்துல இருந்து எனக்குச் சம்பளம் வேணுமுங்க."

சிரித்தார். நன்றாக, காபி சிந்தும்படி சிரித்தார். "அந்த சிமெண்ட்டுக்காரி பேச்சைக் கேட்டுட்டயா? எல்லாம் உன்றதுதானே புள்ள. டிராயர் சாவியே உங்கிட்டத்தானே இருக்குது."

சாவி என்னிடம்தான் இருக்கிறது. சௌந்தரராஜனுடைய தீபாவளியும் பொங்கலும் வருகிற வரைக்கும் மகள் ஃபீஸ் கட்டிக் காலியான டிராயரை நான் பூட்டித் திறந்துகொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எல்லாரும் பவானி ஆற்றுக்குப் போனார்கள். நான் ருக்மணிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். "வா" என்றாள், ஏன் மனசு மாறியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

யார்டில் தகர ஷெட்டுக்குள் ஒரு மேசை. பகல் முழுக்கத் தடதடவென்று மெஷின். முதல் வேலையாக சாக்குகளைப் பிரித்துக் கோப்புகளில் போட்டேன். ஜல்லி லோடு ஒன்றுக்கு இரண்டு முறை பணம் போயிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். ருக்மணி உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பிறகு என்னைப் பார்த்து, "டீ சொல்லட்டுமா?" என்றாள். டீ பரவாயில்லை. டம்ளர் மட்டும் கேவலம்.

சாயங்காலம் வீட்டில் அவர் முன்னறையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, கம்ப்யூட்டரை அணைத்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆள் தேடுகிறார். டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் தெரிந்த ஒரு பெண் வந்தாளாம். பதினைந்தாயிரம், ஞாயிறு லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் தனியாக என்று கேட்டாளாம். "அநியாயம்! நேத்துப் பொறந்த புள்ள" என்று என்னிடம் புலம்பினார். வேறு வழியில்லாமல் வரச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் இந்த வீட்டில் அந்த வேலைக்கு விலையே கிடையாது என்று நினைத்திருந்தார் பாவம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அந்தப் பெண் போய்விட்டாள். சௌந்தரராஜன் போன மாத பில் முழுவதையும் ஒரே மூட்டையாக அனுப்பி, இரண்டு நாளில் வேண்டும் என்றாராம். "இவருக்கு எழுநூறு ரூவாய்க்கா இவ்வளவும் போடறீங்க?" என்று இவரைக் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. நல்ல குடும்பத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

பதினொன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சரி. எவ்வளவு வேணும்?"

"சாயங்காலம் மட்டும் பாக்கறேன். பத்தாயிரம்."

"அது வெளியாளுக்கு. உனக்கு பஸ் செலவு இல்லையல்ல?"

"இல்லீங்க."

"சாப்பாடு இங்கயே."

"அதை ஆருங்க ஆக்கறது?"

அதைத் தாண்டிப் போய்விட்டார். "ஃபேன் ஓடுது, டீ இருக்குது. வெளிய போனா இதெல்லாம் காசு. அஞ்சு."

"பத்து."

எழுந்து வாசல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். "ஆறு. மக ஃபீசை நான்தானே கட்டறேன், அதையும் சேத்திப் பாரு."

"பத்து."

"ஆறரை. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது, உனக்கு இஷ்டமிருந்தாப் பாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

என்ன நெளிவு, என்ன சுளிவு! மாட்டுச் சந்தைத் தரகர் தோற்றுப்போவார். இந்த மனிதருக்குப் பேரம் பேச வாய் வராது என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வாய் நன்றாகவே வருகிறது. ஆளைப் பார்த்து வருகிறது.

அதையே அவரிடமும் சொன்னேன். "இதுல பாதி வாயை சௌந்தரராஜங்கிட்டக் காட்டியிருந்தீங்கன்னா நாம மாடி கட்டியிருக்கலாமுங்க" என்றேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

"பத்தாயிரம் எங்கிருந்து குடுக்கறது சுலோ? நீயே பாத்திருக்கறீல்ல, நெசமாலுமே இல்ல" என்றார்.

"அப்பக் கேளுங்க."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வேலையைக் கெடுக்க மனசு வரவில்லை. ஏற்றிக் கொடுத்துவிட்டேன், ஜவுளிக்கடையைத் தவிர. அந்த மூட்டையைப் பிரிக்காமல் அவர் மேசைமேலேயே வைத்திருக்கிறேன். கேட்டால்தான் பிரிப்பேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் வரைக்கும் மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று மணிக்குப் போனை எடுத்தார்.

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். வாசல்நிலையில் நின்றுகொண்டேன்.

"ஏனுங்க, நாந்தானுங்க, சென்னியப்பன்." உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். "கணக்கு விசயமாங்க. இனிமே மாசம் ரெண்டாயிரம் ஆகுமுங்க."

அந்தப் பக்கம் கடை மைக்கில் தள்ளுபடி என்று யாரோ கத்துவது கேட்டது.

"என்னங்க ஆடிட்டரே, இப்பத்தானே எழுநூறுன்னீங்க? எதுக்குங்க திடீர்னு?"

"என்ற சம்சாரத்துக்குச் சம்பளம் குடுக்கோணுமுங்க."

சௌந்தரராஜன் சிரிப்பதற்கு ஸ்பீக்கரே தேவையில்லை. தெருவுக்குக் கேட்டிருக்கும். "ஊட்டுக்குள்ளயே சம்பளமுங்களா! நல்ல தமாசுங்க."

இவர் சிரிக்கவில்லை. வழக்கமாக அவர் சிரித்தால் இவரும் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாவிட்டாலும். காத்திருந்தார். சிரிப்பு அடங்கியது.

"தமாசு இல்லீங்க" என்றார். "இத்தனை வருசமும் உங்குளுது அவதானுங்க போட்டது. சூரத் பில்லு ஆகட்டும், எல்லாமே. நானு கையெழுத்துத்தானுங்க. அன்னைக்கு வெவரம் பத்தாதுன்னு சொன்னேன், அது தப்புங்க."

எனக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம். உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வெக்கை தாங்கவில்லை.

வருவதற்குள் பேச்சு முடிந்திருந்தது. போனை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு" என்றார். "போயிருவாரோ என்னமோ. போனாப் போகட்டும்." நெற்றியெல்லாம் வியர்வை. "சரியாக் கேட்டனா?"

இரண்டாயிரம் என்பதற்கு முன்னால் இரண்டு தடவை எச்சில் விழுங்கினார். நானாக இருந்தால் மூவாயிரத்தில் ஆரம்பித்திருப்பேன்.

நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் சரி சொல்லாத அடுத்த கடையின் நம்பரைப் படித்துச் சொன்னேன்.